வாசகர் கேள்வி - பதில்: கட்சித் தலைவர் மாறினால் அமைச்சரவை எப்படி மாறுகிறது?

இம்முறை வந்த கடிதங்களில் பல, தேசிய அரசாங்கத்தையும் அதில் மலையகத்தின் இடத்தையும் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்து, அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2015 தேர்தலில் எதிரெதிரே நின்ற இரண்டு பெரிய கட்சிகளும் சில வாரங்களுக்குள் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தன. சுதந்திரக் கட்சியின் தலைவர் மாறியதே காரணம் என்று வகுப்பில் சொன்னேன். ஒருவர் கட்சித் தலைவரானால் ஓர் அமைச்சரவை எப்படி உருவாகும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விளக்குவீர்களா?
(ஓர் ஆசிரியை, தலவாக்கலை)

பதில்: மாணவர்கள் சரியான இடத்தில்தான் கேள்வியை வைத்திருக்கிறார்கள். அமைச்சரவை எண்ணிக்கையால் அமைவது. தலைவர் மாறுவதால் அந்த எண்ணிக்கை எப்படி மாறியது என்பதைப் பார்த்தால் விளங்கிவிடும்.

2010 பொதுத் தேர்தலில் சுதந்திரக் கட்சி தலைமையிலான ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 144 ஆசனங்களும் ஐக்கிய தேசியக் கட்சி தலைமையிலான அணிக்கு 60 ஆசனங்களும் கிடைத்திருந்தன. 2015 ஜனவரி 8ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகத் தெரிவாகி, மறுநாள் ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமராக நியமித்தபோது பாராளுமன்றம் அதே பழைய பாராளுமன்றமாகவே இருந்தது. 225 பேர் கொண்ட சபையில் 113 பேரின் ஆதரவு வேண்டியிருக்க, அதற்கு மிகக் குறைந்த பலத்துடன் ஒரு சிறுபான்மை அரசாங்கம் பதவியேற்றது.

ஜனாதிபதி பதவியில் இருக்கும் உறுப்பினரே கட்சித் தலைவர் என்ற விதி சுதந்திரக் கட்சியின் யாப்பில் இருந்தது. அதன்படி அதே ஜனவரியில் மஹிந்த ராஜபக்ஷ தலைமைப் பதவியை மைத்திரிபாலவிடம் ஒப்படைத்தார். இந்த மாற்றம் பாராளுமன்றத்துக்குள் என்ன செய்தது என்பதை விளங்கிக்கொள்ள, அரசியலமைப்பின் 99 (13) ஆம் உறுப்புரையை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் உறுப்பினர் தாம் தெரிவாகிய கட்சியிலிருந்து விலகினாலோ விலக்கப்பட்டாலோ ஒரு மாத முடிவில் அவருடைய ஆசனம் வெற்றிடமாகும். விலக்கப்பட்டவர் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மறுபக்கம் போய் அமைச்சராக விரும்பும் உறுப்பினரின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி இதுதான். கட்சித் தலைவர் எதிரணியில் இருக்கும்வரை கத்தியின் பிடி அவர் கையில் இருக்கிறது. அவருக்குப் பதிலாக, அமைச்சர்களை நியமிக்கும் ஜனாதிபதியே கட்சித் தலைவராகிவிட்டால், அழைப்பவரும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக்கூடியவரும் ஒருவராகிவிடுகிறார். நேற்றுவரை கட்சித் தாவல் என்று சொல்லப்பட்ட செயல் இன்று கட்சியின் தீர்மானம் ஆகிறது. 2015 மார்ச் 22ஆம் திகதி சுதந்திரக் கட்சியினர் 26 பேர் அமைச்சர்களாகவும் இராஜாங்க, பிரதி அமைச்சர்களாகவும் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டது இந்த ஏற்பாட்டின் பேரில்தான். ஏப்ரல் 28ஆம் திகதி 19ஆவது திருத்தம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையைத் தாண்டி நிறைவேறியதும் அதனாலேயே சாத்தியமாயிற்று.

ஆகஸ்ட் 17 பொதுத் தேர்தலில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஐக்கிய தேசியக் கட்சி தலைமையிலான ஐக்கிய தேசிய முன்னணிக்கு 106 ஆசனங்கள் கிடைத்தன. பெரும்பான்மைக்கு ஏழு குறைவு. மஹிந்த ராஜபக்ஷவும் போட்டியிட்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 95. தேர்தலுக்கு மூன்று நாட்களுக்கு முன்னர், சுதந்திரக் கட்சியினதும் கூட்டமைப்பினதும் பொதுச் செயலாளர்களை மைத்திரிபால பதவி நீக்கிப் புதியவர்களை நியமித்திருந்தார். இதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். வேட்புமனுவில் ஒப்பமிடுபவரும், தேசியப்பட்டியலில் யார் உள்ளே வருவார் என்று தேர்தல் ஆணையாளருக்கு எழுதிக் கொடுப்பவரும் செயலாளரே. மேடையில் மாலை தலைவருக்கு விழுகிறது. சட்டம் தேடுவது செயலாளரின் கையொப்பத்தை. ஆகஸ்ட் மாதம் ஐக்கிய தேசியக் கட்சிக்கும் சுதந்திரக் கட்சிக்கும் இடையில் இரண்டு ஆண்டுகளுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் ஏற்பட்டபோதும் இரு கட்சிகளின் செயலாளர்களே கையொப்பமிட்டனர்.

அந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்த விலையையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது பெரிய அணி ஆளுங்கட்சி வரிசைக்குப் போனதால், எதிர்க்கட்சித் தலைவர் பதவி 16 ஆசனங்களைப் பெற்றிருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இரா. சம்பந்தனுக்குக் கிடைத்தது. சுதந்திரக் கூட்டமைப்புக்குள் அமைச்சுப் பதவி ஏற்காதவர்கள் கூட்டு எதிரணி என்ற பெயரில் தனியாக இயங்கினார்கள். தலைமைப் பதவி கைமாறிய கட்சியில் தொண்டர்களின் மனம் கைமாறவில்லை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் ராஜபக்ஷ ஆதரவாளர்களின் பொதுஜன பெரமுன பெற்ற வெற்றி அதைக் காட்டியது. தலைமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு கட்சியை மூன்றாண்டுகளுக்கு மேல் அமைச்சரவைக்குள் பிடித்து வைக்க முடியவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் பிரதமருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 76க்கு 122 என்று தோற்றதையடுத்து சுதந்திரக் கட்சியின் 16 பேர் அரசாங்கத்தை விட்டு வெளியேறினார்கள். அக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கியதோடு மீதமிருந்த உறவும் முறிந்தது.

கேள்வி: 'தேசிய அரசாங்கம்' என்பதற்குச் சட்டத்தில் பொருள் உண்டா, அல்லது கட்சிகள் விருப்பப்படி சூட்டிக்கொள்ளும் பெயரா?
(சட்டம் பயிலும் மாணவர், கண்டி)

பதில்: 19ஆவது திருத்தம் வரும்வரை அது வெறும் பெயராகவே இருந்தது. 1965இல் டட்லி சேனாநாயக்க ஏழு கட்சிகளின் ஆதரவோடு அமைத்ததும் தேசிய அரசாங்கம் என்றே அழைக்கப்பட்டது. தமிழரசுக் கட்சியின் சார்பில் செனட்டர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராக இருந்து 1968இல் விலகியது அந்த அரசாங்கத்திலிருந்துதான். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் இருந்தார்.

2015இன் திருத்தம் அமைச்சரவை அமைச்சர்கள் 30 பேருக்கும், அமைச்சரவை அந்தஸ்தற்ற அமைச்சர்களும் பிரதி அமைச்சர்களும் சேர்ந்து 40 பேருக்கும் மேற்படக் கூடாது என்று வரம்பு விதித்தது. கூடவே ஒரு விலக்கையும் தந்தது: அதிக ஆசனங்களைப் பெற்ற கட்சி அல்லது சுயேச்சைக் குழு, ஏனைய அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளோடு அல்லது சுயேச்சைக் குழுக்களோடு சேர்ந்து அமைப்பதே தேசிய அரசாங்கம், அப்படி அமைந்தால் எண்ணிக்கையைப் பாராளுமன்றமே தீர்மானிக்கலாம். 2015 செப்டம்பர் 3ஆம் திகதி 143க்கு 16 என்ற வாக்குகளால் 48 அமைச்சரவை அமைச்சர்களும் 45 இராஜாங்க, பிரதி அமைச்சர்களும் என்று தீர்மானிக்கப்பட்டது இந்த விலக்கின் கீழ்தான். மறுநாள் அமைச்சரவை பதவியேற்றது.

எத்தனை கட்சிகள், எவ்வளவு ஆசனங்களோடு சேர வேண்டும் என்று அந்த வரையறை சொல்லவில்லை. 2019 பெப்ரவரியில், முஸ்லிம் காங்கிரஸ் சார்பில் தனித்துத் தெரிவாகியிருந்த ஒரேயோர் உறுப்பினரைக் கொண்டு தேசிய அரசாங்கம் அமைக்க முயன்ற பிரேரணை கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நன்மையே என்று நான் கருதுகிறேன். இரண்டு பெரிய கட்சிகள் ஒரு பொது வேலைத்திட்டத்துக்காகச் சேர்வதற்குத் தரப்பட்ட விலக்கு, அமைச்சர் நாற்காலிகளைப் பெருக்குவதற்கான கதவாகக் கூடாது.

மலையக வாசகர்கள் இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி பெற்ற ஆறு ஆசனங்களும் யானைச் சின்னத்தில் கிடைத்தவை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் இருவர் தெரிவானது வெற்றிலைச் சின்னத்தில். சட்டத்தின் கணக்கில் முன்னவர்கள் ஐக்கிய தேசியக் கட்சியின் 106க்குள்ளும் பின்னவர்கள் கூட்டமைப்பின் 95க்குள்ளும் அடங்கிவிடுகிறார்கள். 'ஏனைய கட்சிகள்' என்ற சொல்லுக்குள் மலையகக் கட்சி எதுவும் வரவில்லை.

கேள்வி: கட்சித் தலைவர் மாறினால் அந்தக் கட்சியின் அமைச்சர்கள் பதவி விலக வேண்டுமா?
(ஒரு கடைக்காரர், பண்டாரவளை)

பதில்: வேண்டியதில்லை. அமைச்சரவை கலைவது பிரதமர் பதவி வெற்றிடமாகும்போது. கட்சித் தலைமை வெற்றிடமாகும்போது அன்று. 1999 அக்டோபர் 30ஆம் திகதி சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானபோது வெற்றிடமானவை அவருடைய ஆசனமும் அமைச்சும் மட்டுமே. பின்னர் ஆறுமுகன் தொண்டமான் தலைமையேற்று அமைச்சரானார் என்றால், அதற்குப் புதிய பேச்சும் புதிய நியமனமும் தேவைப்பட்டன. முன்னவருக்குத் தரப்பட்ட பொறுப்பு பின்னவருக்குத் தானாக வந்து சேராது.

கேள்வி: அமைச்சரவையில் மலையகத்தார் ஒருவர் இருந்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் இருந்தும் லயத்தில்தான் வாழ்கிறோம். அமைச்சர் பதவி உண்மையில் எதற்குப் பயன்பட்டது?
(தோட்டக் கமிட்டித் தலைவர் ஒருவர், மஸ்கெலியா)

பதில்: இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோபம் நியாயமானது. ஆனாலும் பயன்பட்ட இடங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறிந்தால் அடுத்த முறை எதைக் கேட்பது என்று தெரியும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவான தொண்டமான், 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். ஆறில் ஐந்து பங்கு பலம் பெற்றிருந்த அரசாங்கத்துக்கு அந்த ஒரு வாக்கு எண்ணிக்கைக்காகத் தேவைப்படவே இல்லை. ஆயினும், தொழிற்சங்கத்தின் பலத்தை வெளியே வைத்துக்கொண்டு அவர் உள்ளே அமர்ந்திருந்ததன் விளைவாக, 1986லும் 1988லும் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1978இல் அவருக்குத் தரப்பட்டிருந்தது கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி. அமைச்சின் பெயருக்கும் கிடைத்த பயனுக்கும் தொடர்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். பயன், சட்டமாக எழுதப்பட்டதில் இருந்தது.

மாறாக, எண்ணிக்கையே தீர்மானித்த தருணமும் நமக்கு வாய்த்தது. 1994இல் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற ஒரே ஆசனம் சேர்ந்தபோதுதான் 113 நிறைந்தது. சந்திரிகா அரசாங்கம் அந்த ஒற்றை ஆசனத்தின் மேல் எழுந்தது. சந்திரசேகரனுக்குக் கிடைத்தது ஒரு பிரதி அமைச்சர் பதவி. ஓர் அரசாங்கத்தையே அமைத்துக் கொடுத்த ஆசனத்துக்கு ஈடாக, காணி உரிமை பற்றிய ஒரு சட்டமூலத்தை எழுத்தில் கேட்டிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

2015க்குப் பிறகு நடந்ததை உங்கள் தோட்டத்தில் நின்றே பார்க்கலாம். ப. திகாம்பரம் மலைநாட்டுப் புதிய கிராமங்கள், உட்கட்டமைப்பு, சமுதாய அபிவிருத்தி அமைச்சரானார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் அந்த அமைச்சின் கீழ் நடந்தது. 2018 அக்டோபரில் பிரதமர் மாற்றப்பட்டபோது அதே அமைச்சு ஆறுமுகன் தொண்டமானிடம் போனது. டிசம்பர் 13ஆம் திகதி பாராளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பழைய பிரதமர் திரும்பியதும் அமைச்சும் திரும்பியது. 2019 நவம்பரில் அது சமுதாய வலுவூட்டல், தோட்ட உட்கட்டமைப்பு என்று வேறு பெயரில் வேறு கைக்கு மாறியது. 2020 மே மாதம் ஆறுமுகன் தொண்டமான் காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமைந்த அரசாங்கத்தில் தோட்ட வீடமைப்பு இராஜாங்க அமைச்சாகத் தாழ்ந்து ஜீவன் தொண்டமானிடம் வந்தது. 2023 ஜனவரியில் அவர் அமைச்சரவை அமைச்சரானபோது நீர் வழங்கலோடு சேர்ந்தது. 2024 நவம்பரில் பெருந்தோட்டத்தோடு இணைந்தது. பத்தாண்டுகளுக்குள் இத்தனை பெயர், இத்தனை படிநிலை! ஒவ்வொரு மாற்றத்தோடும் கோப்புகள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பயணம் செய்தன என்பதை, பாதிச் சுவரோடு நின்ற வீட்டுக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

தோட்டத்தில் புதிய துரை வந்தால், பழைய துரை பெரட்டுக்களத்தில் நின்று வாயால் சொன்னது எதுவும் செல்லாது. செக்ரோல் பதிவேட்டில் ஏறியது மட்டும் செல்லும். உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. அரசாங்கத்திலும் அப்படியே நடந்தது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவானது நிலைத்தது. இன்று உங்கள் ஊருக்கென ஒரு சபை இருக்கிறது. பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழிசெய்தது நிலைத்தது. புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை 2018இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதை இல்லாமலாக்க விரும்பும் எவரும் மீண்டும் பாராளுமன்றத்துக்கே வந்து, காரணம் சொல்லி, வாக்குக் கேட்க வேண்டும். அமைச்சின் பெயரை மாற்றுவதற்கோ ஒரே இரவில் வெளியாகும் ஒரு வர்த்தமானி போதும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் மிகத் தாமதமானாலும் கைவிடப்படாமல் இருப்பதற்கு, அது இரு அரசுகளுக்கிடையிலான உடன்பாடாக இருப்பதே காரணம்.

ஆகவே, அடுத்த முறை ஒரு பெரிய கட்சியில் தலைமை மாறி, ஆதரவு கேட்டு நம் பிரதிநிதிகளிடம் ஆள் வரும்போது, எத்தனை அமைச்சுகள் என்ற பேச்சுக்கு முன்னர் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்கும்படி உங்கள் கமிட்டி அவர்களை வற்புறுத்த வேண்டும்: எந்தச் சட்டமூலம், எந்த மாதத்துக்குள் சபைக்கு வரும், எந்தத் திணைக்களமும் எந்தச் சபையும் அந்த அமைச்சின் கீழ் வர்த்தமானியில் இடப்படும், வரவு செலவுத் திட்டத்தில் அதற்கான ஒதுக்கீடு எந்தத் தலைப்பில் இருக்கும். கையொப்பமிடுபவர் கட்சியின் செயலாளராக இருக்கட்டும்.

கேள்வி: இ.தொ.கா.வும் முற்போக்குக் கூட்டணியும் ஒரே அமைச்சரவையில் இருந்தால் பலம்தானே?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஹட்டன்)

பதில்: பலம்தான். ஆனால் இரண்டும் தொழிற்சங்க அங்கத்துவத்துக்காக ஒரே தோட்டத்தில் போட்டியிடுபவை என்பதால், ஒன்று அரசாங்கத்திலும் மற்றொன்று எதிரணியிலும் இருப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. ஒரே அமைச்சரவைக்குள் வராவிட்டாலும், காணி உறுதி பற்றிய ஒரு சட்டமூலத்துக்கு இருவரும் சேர்ந்து கை உயர்த்துவதை எதுவும் தடுக்கவில்லை.

கேள்வி: தேசிய அரசாங்கக் காலத்தில் எங்களுக்கு ஏழு பேர்ச்சஸில் வீடு தொடங்கப்பட்டது. கூரை வேலை முடியவில்லை. காணி உறுதியும் வரவில்லை. போகும் அலுவலகத்தில் எல்லாம் அமைச்சு மாறிவிட்டது என்கிறார்கள். யாரிடம் கேட்பது?
(ஒரு தாய், லிந்துலை)

பதில்: அம்மா, அமைச்சு மாறலாம், உங்கள் கோப்பு ஏதோ ஓர் அரச அலுவலகத்தின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். எந்த அமைச்சரின் கீழ் எந்தத் திணைக்களம், எந்த அதிகார சபை என்பதை அறிவிக்கும் அதிவிசேட வர்த்தமானி ஒவ்வோர் அரசாங்கம் அமைந்ததும் தமிழிலும் வெளியாகும். பாடசாலை செல்லும் பிள்ளை ஒருவரிடம் சொன்னால் கைபேசியிலேயே எடுத்துத் தருவார். அதில் தோட்ட வீடமைப்பு எந்த அமைச்சின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இந்தச் சட்டமும் அதே தேசிய அரசாங்கக் காலத்தில் நிறைவேறியதுதான்; அந்த அமைச்சர்கள் போன பின்பும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தின் பெயர், பிரிவு, வீட்டு இலக்கம், அடிக்கல் நாட்டிய ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: என் வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, அதில் எவ்வளவு செலவாகியுள்ளது, காணி உறுதிக்கான கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் எந்த நிலையில் உள்ளது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே அமைச்சின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் பலனில்லாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் வரிசையில் இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களும் தனித்தனியாக எழுதட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் ஒவ்வொரு பதில் எழுத வேண்டிவரும்.